பங்குதாரர் குழு வழக்கு: சத்யம் மோசடி முதல் பிரிவு 245 வரை

பங்குதாரர் குழு வழக்கு என்பது, ஒரே மோசடியால் பணம் இழந்த ஏராளமான பங்குதாரர்களுக்காக அவர்களுள் ஒருவரோ சிலரோ முன்னின்று நடத்தும் வழக்கு ஆகும். ஆங்கில வழக்கில் இது 'கிளாஸ் ஆக்‌ஷன்' எனப்படும். வழக்கின் முடிவு, நீதிமன்றத்திற்கு நேரில் வராத மற்றப் பங்குதாரர்களையும் கட்டுப்படுத்தும். கிடைக்கும் இழப்பீடும் அவர்களுக்குப் பங்கிடப்படும். நிறுவனம் பொய்க் கணக்கு காட்டியதாலோ, முக்கியத் தகவலை மறைத்ததாலோ, தவறான அறிக்கை வெளியிட்டதாலோ பங்கின் விலை செயற்கையாக உயர்ந்து, உண்மை வெளிவந்தபின் சரியும்போது இத்தகைய வழக்குகள் எழுகின்றன.

இம்முறை அமெரிக்காவில் வளர்ந்தது. இந்தியாவில் இதன் தேவையை மக்கள் உணரச் செய்தது 2009-இல் வெளிவந்த சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் கணக்கு மோசடி. ஒரே நிறுவனம், ஒரே பொய். ஆனால் நியூயார்க் சந்தையில் பங்கு வாங்கியவருக்கு இழப்பீடு கிடைத்தது, மும்பைச் சந்தையில் வாங்கிய இந்தியருக்குக் கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டின் காரணம் பங்குதாரர்களின் விழிப்போ அலட்சியமோ அன்று. ஒரு நாட்டில் சேர்ந்து வழக்காடும் வழி இருந்தது. மற்ற நாட்டில் இல்லை.

குழு வழக்கின் தேவை

பங்குச் சந்தை மோசடியில் மொத்த இழப்பு மிகப் பெரியது. ஆனால் அது லட்சக்கணக்கானோர் மீது சிதறிக் கிடக்கும். ஒருவர் 100 பங்குகளை வைத்திருந்து, பங்குக்கு 140 ரூபாய் வீதம் இழந்தார் எனக் கொண்டால், அவருடைய இழப்பு 14,000 ரூபாய். அதை மீட்க வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், கணக்கு வல்லுநரின் கட்டணம் ஆகியவற்றைச் செலுத்தினால் செலவே இழப்பைத் தாண்டிவிடும். ஆகவே தனி ஒருவர் வழக்குத் தொடுப்பதில்லை. யாரும் தொடுக்கவில்லை எனில், மோசடி செய்தவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டிய நிலையே வராது. இச்சிறு இழப்புகளை ஒரே வழக்கில் சேர்த்து, செலவைப் பகிர்ந்துகொள்ளச் செய்வதே குழு வழக்கின் அடிப்படை.

அமெரிக்காவில் வளர்ந்த வரலாறு

1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தபின், அமெரிக்க நாடாளுமன்றம் 1933-இல் பங்குப் பத்திரங்கள் சட்டத்தையும் 1934-இல் பங்குப் பரிவர்த்தனைச் சட்டத்தையும் இயற்றியது. சந்தையைக் கண்காணிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் அமைக்கப்பட்டது. 1942-இல் அந்த ஆணையம் '10பி-5' என்னும் விதியை வெளியிட்டது. பங்கு வாங்குவதிலும் விற்பதிலும் பொய்யுரைப்பதையும், முக்கியமான உண்மையை மறைப்பதையும் இவ்விதி தடை செய்தது. பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குத் தொடுக்கலாம் என்று இவ்விதியில் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. 1946 முதல் கீழ் நீதிமன்றங்கள் அந்த உரிமையை ஏற்றன. 1971-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

1966-இல் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறையின் 23-ஆம் விதி திருத்தப்பட்டது. அதன்படி, இழப்பீடு கோரும் குழு வழக்கில் பாதிக்கப்பட்டவர் அனைவரும் தாமாகவே உறுப்பினர் ஆவர். வேண்டாம் என்பவர் மட்டும் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் கையொப்பமிட்டுச் சேர வேண்டும் என்றிருந்தால் சில நூறு பேரே சேர்ந்திருப்பர். விலகாதவர் அனைவரும் உள்ளே இருப்பர் என்ற இந்த ஏற்பாடே வழக்குகளின் அளவைப் பெரிதாக்கியது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 1974-இல் வந்த ஐசன் வழக்கு காட்டியது. சிறு எண்ணிக்கையில் பங்கு வாங்குவோரிடம் தரகர்கள் கூடுதல் கட்டணம் பெற்றதாகத் தொடுக்கப்பட்ட அவ்வழக்கில், வாதியின் சொந்த இழப்பு 70 டாலர் மட்டுமே. ஆனால் பெயரும் முகவரியும் தெரிந்த 22.5 லட்சம் பேருக்கும் தனித்தனியாக அறிவிப்பு அனுப்ப வேண்டும், அச்செலவை வாதியே ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 70 டாலருக்காக எவரும் அத்தகைய செலவைச் செய்ய முடியாது. ஆகவே வழக்குச் செலவை முன்கூட்டித் தாமே செய்து, வென்றால் மட்டும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெறும் வழக்கறிஞர் நிறுவனங்களின் இடம் இத்துறையில் முக்கியமானது.

1988-இல் பேசிக் எதிர் லெவின்சன் வழக்கில் மற்றொரு தடை நீங்கியது. அதுவரை, நிறுவனத்தின் பொய் அறிக்கையைப் படித்து நம்பித்தான் பங்கு வாங்கினேன் என்பதை ஒவ்வொருவரும் மெய்ப்பிக்க வேண்டுமா என்ற கேள்வி இருந்தது. நன்கு இயங்கும் சந்தையில் பங்கின் விலையே எல்லாப் பொதுத் தகவல்களையும் உள்ளடக்கியது. ஆதலால் அந்த விலையை நம்பி வாங்கியவர் பொய்யையும் நம்பி வாங்கியவராகக் கருதப்படலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த அனுமானத்தை எதிர்த்தரப்பு மறுத்து நிறுவ இடம் உண்டு.

வழக்குகள் பெருகியபோது, பங்கு விலை இறங்கிய மறுநாளே வழக்கறிஞர்கள் பெயரளவு வாதியை வைத்து நீதிமன்றத்திற்கு ஓடுகின்றனர் என்ற குறை எழுந்தது. அதைத் திருத்த 1995-இல் தனியார் பங்குப் பத்திர வழக்குச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. முதலில் வழக்குத் தொடுத்தவர் 20 நாள்களுக்குள் பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். அதிலிருந்து 60 நாள்களுக்குள் குழுவைச் சேர்ந்த எவரும் தம்மை முதன்மை வாதியாக நியமிக்கும்படி கேட்கலாம். கேட்பவர்களுள் மிகப் பெரிய இழப்பு அடைந்தவரே பொருத்தமானவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இதனால் ஓய்வூதிய நிதிகள் போன்ற பெரிய முதலீட்டாளர்கள் வழக்குகளை முன்னின்று நடத்தத் தொடங்கினர். என்ரான் வழக்கில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் முதன்மை வாதியாக இருந்து 720 கோடி டாலருக்கு மேல் மீட்டது.

சத்யம்: ஒரு கடிதம், இரண்டு சந்தைகள்

ஐதராபாத்தில் 1987-இல் தொடங்கப்பட்ட சத்யம், இந்தியாவின் பெரிய மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. அதன் பங்குகள் மும்பைப் பங்குச் சந்தையிலும் தேசியப் பங்குச் சந்தையிலும் வர்த்தகமாயின. 2001 முதல் ஏ.டி.எஸ். எனப்படும் அமெரிக்க வைப்புப் பங்குகள் வடிவில் நியூயார்க் பங்குச் சந்தையிலும் விற்கப்பட்டன. இந்திய நிறுவனத்தின் பங்குகளை ஒரு வங்கி வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக அமெரிக்கச் சந்தையில் வெளியிடும் பத்திரங்களே இவை.

2008 டிசம்பர் 16 அன்று, தலைவர் இராமலிங்க ராஜுவின் குடும்பத்தோடு தொடர்புடைய மேட்டாஸ் நிறுவனங்கள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழவே, சில மணி நேரத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் வெளியானது. கணக்கில் காட்டப்பட்ட ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்பதை அதில் அவர் ஒப்புக்கொண்டார். சிறிதாகத் தொடங்கிய பொய் ஆண்டுதோறும் பெருகியதாகவும், புலி மீது ஏறியவன் இறங்க வழி தெரியாமல் தவிக்கும் நிலை தமக்கு நேர்ந்ததாகவும் குறிப்பிட்டிருந்தார். முந்தைய நாள் சுமார் 179 ரூபாயாக இருந்த பங்கு, அன்று மும்பைச் சந்தையில் 39.95 ரூபாயில் முடிந்தது. நியூயார்க்கில் வர்த்தகம் நிறுத்திவைக்கப்பட்டது.

நியூயார்க்கில் நடந்தது

கடிதம் வெளியான உடனேயே அமெரிக்காவில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவை நியூயார்க் தென் மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரே வழக்காக இணைக்கப்பட்டன. மிசிசிப்பி மாநில அரசு ஊழியர் ஓய்வூதிய அமைப்பு, பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், நார்வேயின் ஸ்காகன், டென்மார்க்கின் சம்பென்ஷன் ஆகியன முதன்மை வாதிகளாக நியமிக்கப்பட்டன. சத்யம் மட்டுமன்றி, அதன் தணிக்கையாளரான பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனமும் எதிர்வாதியாக இருந்தது.

2011-இல் இரண்டு சமரசங்கள் ஏற்பட்டன. மகிந்திரா சத்யம் என்று பெயர் மாறியிருந்த நிறுவனம் 12.5 கோடி டாலரும், தணிக்கையாளர் தரப்பு 2.55 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன. 2004 ஜனவரி 6 முதல் 2009 ஜனவரி 6 வரை நியூயார்க் சந்தையில் சத்யத்தின் ஏ.டி.எஸ். வாங்கியவர்கள் இதற்கு உரியவர்கள். இந்தியச் சந்தைகளில் பங்கு வாங்கியவர்களுள் அமெரிக்காவில் வசித்தோருக்கு மட்டும் இடமிருந்தது. இந்தியாவில் வசித்து, இந்தியச் சந்தையில் வாங்கியவர்கள் அந்த வரையறைக்குள் வரவில்லை.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2010 ஜூன் மாதம் மாரிசன் எதிர் நேஷனல் ஆஸ்திரேலியா வங்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. 10பி-5 விதி அமெரிக்கச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பத்திரங்களின் பரிவர்த்தனைக்கும், அமெரிக்காவுக்குள் நடந்த பிற பரிவர்த்தனைகளுக்கும் மட்டுமே பொருந்தும் என்பது அதன் சாரம். இதன்பின், வெளிநாட்டுச் சந்தையில் பங்கு வாங்கியவர் அமெரிக்க நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவது மேலும் கடினமாயிற்று.

அமெரிக்க வழக்கில் பங்கேற்கும் முறை

அமெரிக்கச் சந்தையில் பங்கு வாங்கியவர் எந்த நாட்டவராக இருந்தாலும் இம்முறையில் பங்கேற்கலாம். இந்தியாவிலிருந்தபடி அமெரிக்கப் பங்குகளை வாங்குவோருக்கும் இது பொருந்தும்.

முதலில் பார்க்க வேண்டியது தேதி. ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு காலவரம்பு குறிக்கப்படும். பொய் சந்தைக்கு வந்த நாளில் அது தொடங்கும். உண்மை வெளிப்படும்போது முடியும். அந்த இடைவெளியில் வாங்கியவரே குழுவின் உறுப்பினர். உண்மை வெளிவருவதற்கு முன்பே எல்லாவற்றையும் விற்றுவிட்டவருக்குப் பொதுவாக இழப்பீடு இருக்காது. அவர் உயர்ந்த விலையில் வாங்கி உயர்ந்த விலையிலேயே விற்றவர். மோசடி தெரியவந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள்ளும், மோசடி நடந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள்ளும் வழக்குத் தொடுக்கப்பட வேண்டும்.

அடுத்து, முதன்மை வாதி ஆக விரும்புபவர் 60 நாள் கெடுவுக்குள் மனு செய்ய வேண்டும். மற்றவர்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. வழக்கறிஞர் அமர்த்தவும் வேண்டாம். விலகும்வரை அவர்கள் குழுவில் இருப்பர்.

மூன்றாவது கட்டம் சமரசத்தின்போது வருகிறது. நீதிமன்றத்தின் ஆணைப்படி குழுவினருக்கு அறிவிப்பு அனுப்பப்படும். அப்போது நான்கு வழிகள் உண்டு. உரிமைகோரல் படிவத்தை நிரப்பி, வாங்கிய, விற்ற தேதி, எண்ணிக்கை, விலை ஆகியவற்றுக்கான தரகரின் சான்றுகளுடன் அனுப்பலாம். குழுவிலிருந்து விலகித் தனியே வழக்குத் தொடுக்கலாம். உள்ளேயே இருந்துகொண்டு, தொகை போதாது என்றோ வழக்கறிஞர் கட்டணம் மிகுதி என்றோ நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கலாம். அல்லது எதுவும் செய்யாமல் இருக்கலாம். கடைசி வழியே மிகுந்த இழப்பைத் தருவது. படிவம் அனுப்பாதவருக்குப் பணமும் வராது; விலகாததால் பிற்பாடு தனியே வழக்குத் தொடுக்கும் உரிமையும் போய்விடும். எனவே பழைய ஒப்பந்தச் சீட்டுகளையும் கணக்கு அறிக்கைகளையும் பாதுகாத்து வைப்பது பங்குதாரருக்கு இன்றியமையாதது.

வழக்கறிஞர் கட்டணமும் நிர்வாகச் செலவும் போக எஞ்சும் தொகை, ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்புகளின் விகிதப்படி பிரிக்கப்படும். முழு இழப்பும் திரும்பக் கிடைப்பது அரிது.

இந்தியாவில் நடந்தது

இந்தியப் பங்குதாரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. மைதாஸ் டச் முதலீட்டாளர் சங்கம், சுமார் 3 லட்சம் பங்குதாரர்களுக்காக ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய் இழப்பீடு கோரித் தேசிய நுகர்வோர் ஆணையத்தை அணுகியது. அங்கு மனு ஏற்கப்படவில்லை. 2009 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதைத் தள்ளுபடி செய்தது.

அப்போது நடைமுறையிலிருந்த 1956-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தில் நிர்வாகச் சீர்கேட்டுக்கு எதிராக முறையிட வழி இருந்தது. ஆனால் அது நிறுவனத்தைச் சீர்செய்வதற்கான வழி. பங்குதாரரின் சொந்த இழப்பை ஈடுசெய்வதற்கானது அன்று. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் பலருக்காக ஒருவர் வழக்காடும் ஏற்பாடு உண்டு. எனினும் பெருந்தொகை கோரும்போது அதற்கேற்ப உயரும் நீதிமன்றக் கட்டணமும், வழக்கு இழுக்கும் ஆண்டுகளும் தடையாக நின்றன. வென்றால் மட்டும் பங்கு பெறும் கட்டண முறையை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை. ஆதலால் செலவை முன்னின்று ஏற்பாரும் இல்லை.

தண்டனை இல்லாமல் போகவில்லை. செபி 2014-இல் ராஜு உள்ளிட்டோரைச் சந்தையிலிருந்து 14 ஆண்டுகளுக்கு விலக்கி, முறைகேடாகப் பெற்ற 1,849 கோடி ரூபாயை வட்டியுடன் திருப்பிக் கட்ட உத்தரவிட்டது. 2015 ஏப்ரலில் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜுவுக்கு 7 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஆனால் தண்டனை வேறு, இழப்பீடு வேறு. குற்றவாளி சிறை செல்வதால் பங்குதாரரின் கைக்குப் பணம் வருவதில்லை.

இதில் மற்றொரு முரணும் உண்டு. நியூயார்க் வழக்குக்காக நிறுவனம் கொடுத்த 12.5 கோடி டாலர், நிறுவனத்தின் நிதியிலிருந்து சென்றது. நிறுவனத்தின் நிதி என்பது அதன் பங்குதாரர்களுடையது. சரிவுக்குப் பின்னும் பங்கை விற்காமல் வைத்திருந்த இந்தியர், தமக்கு இழப்பீடு பெறாததோடு, பிறருக்குத் தரப்பட்ட இழப்பீட்டின் சுமையிலும் ஒரு பங்கை மறைமுகமாகத் தாங்கினார்.

பிரிவு 245

குழு வழக்குக்கு இடமளிக்க வேண்டும் என்று ஜே. ஜே. இரானி குழு 2005-லேயே பரிந்துரைத்திருந்தது. சத்யம் நிகழ்வுக்குப் பின் அக்கருத்து வலுப்பெற்றது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 245-ஆம் பிரிவு குழு வழக்கை இந்தியச் சட்டத்தில் சேர்த்தது. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அமைந்தபோது, 2016 ஜூன் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

இப்பிரிவின்கீழ் நிறுவனம், அதன் இயக்குநர்கள், தணிக்கையாளர், தணிக்கை நிறுவனம், ஆலோசகர்கள் ஆகியோரிடம் மோசடிக்கும் தவறான அறிக்கைக்கும் இழப்பீடு கோரலாம். யார் வழக்குத் தொடுக்கலாம் என்பதை 2019-ஆம் ஆண்டு விதித் திருத்தம் வரையறுத்தது. மொத்த உறுப்பினர்களில் 5 விழுக்காட்டினர் அல்லது 100 பேர், இவற்றுள் எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்து மனு செய்யலாம். இல்லையெனில் பங்கு முதலில் குறிப்பிட்ட அளவு வைத்திருப்பவர் செய்யலாம். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் அது 2 விழுக்காடு, பட்டியலிடப்படாததில் 5 விழுக்காடு. சத்யத்தில் சுமார் 67 கோடி பங்குகள் இருந்தன. அதில் 2 விழுக்காடு என்பது ஒரு கோடிக்கும் மேற்பட்ட பங்குகள். சிறு முதலீட்டாளருக்கு அது எட்டாது. ஆனால் 100 பேரைத் திரட்டுவது எட்டக்கூடியதே. ஒருவர் 10 பங்கு மட்டும் வைத்திருந்தாலும் அந்த நூறில் ஒருவராகலாம்.

மனு ஏற்கப்பட்டபின், குழுவினர் அனைவருக்கும் பொது அறிவிப்பு தரப்படும். அது ஆங்கில நாளிதழிலும் வட்டார மொழி நாளிதழிலும் வெளியாக வேண்டும். ஒரே காரணத்துக்கான மனுக்கள் ஒன்றாக இணைக்கப்படும். முதன்மை மனுதாரரைக் குழுவினர் தேர்ந்தெடுக்கலாம். தீர்ப்பாயத்தின் அனுமதியுடன் குழுவிலிருந்து விலகவும் இடமுண்டு. மனு வீண் வழக்கு எனக் கண்டால் மனுதாரர் 1 லட்சம் ரூபாய் வரை எதிர்த்தரப்புக்குச் செலுத்த வேண்டியிருக்கும். வழக்கில் ஏற்பட்ட சட்டச் செலவை, தீர்ப்பாயத்தின் அனுமதியோடு, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியிலிருந்து ஈடுசெய்யச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு வழி செய்கிறது.

குறைகளும் உள்ளன. வங்கி நிறுவனங்களுக்கு 245-ஆம் பிரிவு பொருந்தாது. சட்டம் 'உறுப்பினர்' என்றே பேசுவதால், மோசடி வெளிவந்த நாளில் பயந்து விற்று வெளியேறியவரின் நிலை தெளிவாக இல்லை. அமெரிக்கச் சட்டமோ அக்காலத்தில் வாங்கியவரா என்றே கேட்கிறது. நூறு பேரைத் தேடித் திரட்டும் பணியையும் தொடக்கச் செலவையும் யார் ஏற்பது என்ற பழைய கேள்வி தொடர்கிறது. நடைமுறைக்கு வந்து பல ஆண்டுகள் இப்பிரிவு ஏறத்தாழப் பயன்படாமலேயே கிடந்தது. 2024-இல் ஜிண்டால் பாலி பிலிம்ஸ் நிறுவனத்தின் சிறுபான்மைப் பங்குதாரர்கள் தொடுத்த வழக்கே இதன்கீழ் பரவலாகக் கவனம் பெற்ற முதல் வழக்காகும்.

வரலாறு காட்டுவது

அமெரிக்க முறையும் குறையற்றதன்று. வழக்கறிஞர்கள் பெறும் பங்கு பெரியது. இழப்பீட்டுச் சுமை பெரும்பாலும் மோசடி செய்தவரை விட்டு நிறுவனத்தின் மீது விழுகிறது. எனினும் 1942-இல் வந்த ஒரு விதி, 1966-இல் மாறிய ஒரு நடைமுறை, 1988-இல் வந்த ஒரு தீர்ப்பு, 1995-இல் வந்த ஒரு சட்டம் எனப் படிப்படியாக அது கட்டப்பட்டது. ஒவ்வொரு படியும் 70 டாலர் இழந்தவரும் வழக்கில் இடம்பெற முடியுமா என்ற கேள்வியோடு தொடர்புடையது. இந்தியாவில் 245-ஆம் பிரிவு அந்தப் படிகளில் முதலாவது. 2009 ஜனவரியில் சத்யம் பங்குதாரர்களுக்கு இல்லாத வழி இன்று சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த மோசடி வெளிவரும்போது நூறு பேர் ஒன்றுசேர்வதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.